எம்டெக்ல நெட்வொர்க்கிங், வயர்லெஸ் எடுத்திருக்கீங்களா? பாண்டி, கடலூர்ல இருந்துகிட்டே இப்படிப் படிங்க

பிஇ-ல நெட்வொர்க்ஸ் பேப்பர்னா ஏழு லேயர் பேரையும் வரிசையா எழுதி ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி போட்டா பாஸ் ஆயிடலாம், அதே பழக்கத்தோட எம்டெக் வந்து உக்காந்தா முதல் செமஸ்டர்லயே திணறிடுவீங்க, ஏன்னா இங்க கேக்கற கேள்வியே வேற. டிசிபி-ன்னா (டேட்டாவை பாக்கெட்டா பிரிச்சு, தொலையாம கொண்டுபோய் சேக்கற விதிமுறை) என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க, 100 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் இந்த டிசிபி கனெக்ஷன் ஏன் 3 எம்பிபிஎஸ் கூட தாண்ட மாட்டேங்குதுன்னு கேப்பாங்க. காலாப்பட்டு யுனிவர்சிட்டில சேந்தவங்க, பிள்ளைச்சாவடில பழைய பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜ்ல சேந்தவங்க, சிதம்பரம் அண்ணாமலைல சேந்தவங்க, கடலூர் பண்ருட்டி நெய்வேலிலேர்ந்து தினமும் பஸ்ல போய்ட்டு வரப்போறவங்க, எல்லாருக்கும் சேத்துதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாதான் இருக்கும், பொறுமையா படிங்க.

நான் சொல்லப்போறது ஒரே ஒரு பழக்கம். எதைப் படிச்சாலும் முதல்ல பேப்பர்ல கணக்கு போட்டு ஒரு நம்பர் எழுதி வெச்சுடுங்க, அப்புறம் அதையே நிஜமா அளந்து பாருங்க, பெரும்பாலும் ரெண்டும் ஒத்துப்போகாது, ஏன் ஒத்துப்போகலன்னு விடாம தேடுங்க. சிமுலேட்டர், மெஷின் லேர்னிங், 6ஜி எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இப்பவே ஒண்ணு போட்டுப் பாத்துடலாம். ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகுது, அப்போ 100 கிலோமீட்டர் தூரத்துக்கு போய்ட்டு வர 1 மில்லிசெகண்ட். நீங்க ஏதோ ஒரு வெளிநாட்டு சைட்டுக்கு பிங் (ஒரு பாக்கெட் போய்ட்டு வர எவ்வளவு நேரம்னு காட்டற கமாண்ட்) போடறீங்க, 8 மில்லிசெகண்ட்னு காட்டுதுன்னா அந்த சர்வர் 800 கிலோமீட்டருக்குள்ளதான் இருக்க முடியும், அமெரிக்கால இருக்க வாய்ப்பே இல்ல, சென்னைல ஒரு காப்பி வெச்சு அங்கேர்ந்து கொடுத்துட்டு இருக்காங்கன்னு அர்த்தம். நிஜமாவே அமெரிக்கால இருக்கற சர்வருக்கு 200க்கு மேல காட்டும். இந்த ஒரு கணக்கு கைல இருந்தா பிங், ட்ரேஸ்ரூட் (பாக்கெட் எந்தெந்த இடத்தைத் தாண்டிப் போகுதுன்னு காட்டறது) காட்டற ஒவ்வொரு நம்பரும் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லும்.

இப்போ அந்த 200 மில்லிசெகண்டை எடுத்துக்கங்க. டிசிபி ஹெடர்ல விண்டோ சைஸுக்கு 16 பிட்தான் இடம், அதிகபட்சம் 65,535 பைட். வந்து சேந்துச்சுன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் (அக்னாலெட்ஜ்மெண்ட்) வராம அவ்வளவுதான் அனுப்பலாம், ஒரு ரவுண்டு போய்ட்டு வர 200 மில்லிசெகண்ட், அப்போ செகண்டுக்கு அஞ்சு தடவைதான், கணக்கு போட்டா 2.6 எம்பிபிஎஸ். வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டிருந்தாலும் 2.6 தான். முழு 100-ஐயும் நிரப்பணும்னா 25 லட்சம் பைட் எந்நேரமும் வழியில இருக்கணும். இதுக்காகத்தான் 1992லயே ஆர்எஃப்சி 1323-ல (ஆர்எஃப்சி-ன்னா இன்டர்நெட் விதிமுறைகளை எழுதி வெச்ச ஆவணம்) விண்டோ ஸ்கேலிங், அதாவது அந்த விண்டோ நம்பரைப் பெருக்கிக்கற வழி, கொண்டு வந்தாங்க. இதை மனப்பாடம் பண்ணாதீங்க, வயர்ஷார்க்கை (போற வர்ற பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டற சாஃப்ட்வேர்) ஓடவிட்டு ஏதாவது ஒரு சைட்டைத் திறந்து, கனெக்ஷனை ஆரம்பிக்கற முதல் சின் பாக்கெட்டைப் பாருங்க, ஸ்கேல் எவ்வளவுன்னு அதுலயே இருக்கும். அப்புறம் லினக்ஸ்ல நெட்எம்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு லேப்டாப்புக்கு நடுவுல செயற்கையா 200 மில்லிசெகண்ட் டிலே போட்டுவிடும், அதைப் போட்டுட்டு ஐபெர்ஃப்ல (வேகத்தை அளக்கற டூல்) விண்டோவை 64 கேபி-ன்னு கட்டிப்போட்டு ஓட்டுங்க, நீங்க போட்ட கணக்குக்குப் பக்கத்துல வந்து நிக்கும். கொஞ்சம் தள்ளி நின்னா இன்னும் நல்லது, லினக்ஸ் நீங்க கேட்ட பஃபரை அப்படியே விண்டோவா கொடுக்காது, அதுல ஒரு பங்கை தன்னோட கணக்கு வழக்குக்கு எடுத்துக்கும், அதைத் தேடிப் போனா கெர்னல் டாக்குமெண்டேஷன் வரைக்கும் போயிடுவீங்க.

அதே செட்டப்ல டிலேவை 100 ஆக்கிட்டு 1 சதவீதம் பாக்கெட் லாஸ் போடுங்க. ரெனோ மாதிரி பழைய டிசிபி-க்கு ஒரு ஃபார்முலா இருக்கு, செக்மெண்ட் சைஸை ரவுண்டு ட்ரிப் டைமால வகுத்து, 1.22-ஆல பெருக்கி, லாஸோட வர்க்கமூலத்தால வகுக்கணும். 1460 பைட் செக்மெண்டுக்கு சுமார் 1.4 எம்பிபிஎஸ்தான் வரும். நூத்துக்கு ஒரு பாக்கெட் போனதுக்கே இந்த கதி. வயர்லெஸ்ல டிசிபி ஏன் தடுமாறுதுன்னு இங்கதான் உறைக்கும், காத்துல பாக்கெட் கெட்டுப்போனதை அது ரோட்டுல ட்ராஃபிக் ஜாம்னு நெனச்சு வேகத்தைக் குறைச்சுக்குது. அது அப்படி நெனைக்கறதுக்கும் காரணம் இருக்கு. 1986 அக்டோபர்ல பெர்க்லில பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல, வெறும் 400 கஜம் தூரம், 32 கேபிபிஎஸ் போய்ட்டு இருந்த லைன் 40 பிபிஎஸ்க்கு விழுந்துடுச்சு, ஆளாளுக்கு திரும்பத் திரும்ப அனுப்பி லைனே நெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் வேன் ஜேக்கப்சன் 1988ல கொண்டு வந்த வழிதான் லாஸ் ஆனா அடங்கிப் போங்கறது. டிசிபி வேகத்தைக் கட்டுப்படுத்த இப்போ லினக்ஸ்ல க்யூபிக்-ங்கற முறைதான் டிஃபால்ட், பிபிஆர்-னு 2016ல கூகுள் ஆளுங்க கொண்டு வந்தது லாஸை முக்கியமா எடுத்துக்காம டிலேவையும் வர்ற வேகத்தையும் பாத்து முடிவு பண்ணும். ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டு அதே 1 சதவீத லாஸ்ல ஓட்டிப் பாருங்க, வித்தியாசம் கண்ணுக்கு நேரா தெரியும்.

கணக்கு பத்தி பயம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ப்ராபபிலிட்டி கண்டிப்பா வேணும், அதைத் தாண்டிப் போக குறுக்கு வழி கிடையாது. ஆனா ஆரம்பத்துல எக்ஸ்பொனென்ஷியல், பாய்சான் ரெண்டும் நல்லா வந்தாலே க்யூயிங் தியரியோட முதல் பாதி வந்துடும். எம்எம்1 க்யூல (பாக்கெட்டுங்க இஷ்டத்துக்கு வந்து ஒரே லிங்க்குக்கு வரிசைல நிக்கற எளிய மாடல்) லிங்க் பாதி பிசியா இருந்தா ஒரு பாக்கெட் வெளிய போக ஆகற நேரம், காலி லிங்க்ல ஆகறதை விட ரெண்டு மடங்கு, 90 சதவீதம் பிசின்னா பத்து மடங்கு, 95-ன்னா இருபது மடங்கு. ஹாஸ்டல் வைஃபை ராத்திரி பத்து மணிக்கு திடீர்னு செத்துப்போற மாதிரி தெரியறதுக்கு இந்த வளைவு ஒரு பெரிய காரணம், அஞ்சே அஞ்சு பேர் கூட வந்து சேந்தாலும் 90 தொண்ணூத்தஞ்சு ஆயிடும்.

சரி வயர்லெஸ்சுக்கு வருவோம், நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல ஒரு வசதி இருக்கு, மறைப்பே இல்லாத கடற்கரை பக்கத்துலயே கிடக்கு. காலைல கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போங்க, கூட ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிக்கங்க. ஒரு போன்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் போட்டு ஒரு இடத்துல வைங்க, இன்னொரு போன்ல சிக்னலை டிபிஎம்-ல (சிக்னல் பலத்தோட அளவு, மைனஸ் நம்பர் பெரிசாக ஆக சிக்னல் வீக்; எவ்வளவு குறையுதுங்கறதை டிபி-ல சொல்வாங்க) காட்டற ஆப் ஏதாவது ஒண்ணு. 1 மீட்டர், 2, 4, 8, 16, 32, 64ன்னு டபுள் பண்ணிக்கிட்டே போங்க. போறதுக்கு முன்னாடியே நோட்டுல கணக்கு போட்டுடணும், 2.4-ல முதல் ஒரு மீட்டருக்கே சுமார் 40 டிபி போயிடும், அதுக்கப்புறம் தூரம் டபுள் ஆக ஆக 6 டிபி. ஹாட்ஸ்பாட் 15 டிபிஎம் விடுதுன்னு வெச்சுக்கிட்டா ஒரு மீட்டர்ல மைனஸ் 25, 64 மீட்டர்ல மைனஸ் 61 வரணும்.

வராது. போனை மணல்லயே வெச்சீங்கன்னா பயங்கரமா கீழ விழுந்திருக்கும். காரணம் ஃப்ரெனெல் ஜோன், ரெண்டு ஆன்டெனாவுக்கும் நடுவுல அலை போறதுக்கு வெறும் ஒரு நேர்கோடு பத்தாது, சுத்தி கொஞ்சம் இடம் வேணும், 64 மீட்டருக்கு நடுவுல சுமார் 1.4 மீட்டர் ஆரம். மணல்ல கிடக்கற போனுக்கு கீழ்ப்பாதி முழுசா அடைச்சுக்கிச்சு. ரெண்டு போனையும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிட்டு மறுபடி அளங்க. அப்புறம் நீங்க போனுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் நடுவுல திரும்பி நின்னு அளங்க, உடம்பு முழுக்க தண்ணிதானே, அதுவே நல்லா குறைச்சுவிடும். போனை பத்து சென்டிமீட்டர் இப்படி அப்படி நகர்த்திப் பாருங்க, 2.4-ல அலைநீளமே 12.5 சென்டிமீட்டர்தான், அதனால கொஞ்சம் நகர்ந்தாலே நம்பர் குதிக்கும், பல வழியா எதிரொலிச்சு வர்ற அலைங்க ஒண்ணோட ஒண்ணு கலக்கற இதுதான் மல்ட்டிபாத் ஃபேடிங். ஒரே ரீடிங்கை எடுத்துட்டு வந்து கிராஃப் போடக்கூடாதுங்கறது இதனாலதான், ஒவ்வொரு இடத்துலயும் நாப்பது அம்பது எடுத்து சராசரி பாக்கணும், சராசரி மட்டும் இல்லாம எவ்வளவு பரவியிருக்குன்னும் பாக்கணும்.

வீட்டுக்கு வந்து தூரத்தை லாக் ஸ்கேல்ல போட்டு கோடு இழுத்தீங்கன்னா அந்த சரிவுதான் பாத் லாஸ் எக்ஸ்பொனென்ட், தடையே இல்லாத வெளியில 2. இதையே திருப்பாப்புலியூர்ல ஒட்டி ஒட்டி வீடு இருக்கற தெருவுலயும், காலேஜ் காரிடர்லயும், சுவர் தாண்டி அடுத்த ரூம்லயும் பண்ணுங்க, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எக்ஸ்பொனென்ட் கிடைக்கும், நாளைக்கு சிமுலேட்டர்ல அந்த பாக்ஸ்ல 3-ன்னு போடும்போது எதுக்கு 3-ன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என் அபிப்பிராயத்துல ஒரு மாசம் புக்கு படிக்கறதை விட இந்த ஒரு வாரக் கடைசி வேலை அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

அடுத்தது பேப்பர்ல மட்டும் ஒரு பெரிய கணக்கு, கடலூர்லேர்ந்து பாண்டிக்கு நேரா வைஃபை லிங்க் போட முடியுமா? தூரம் 20 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம், 5.8 கிகாஹெர்ட்ஸ். ஃப்ரீ ஸ்பேஸ் லாஸ் சுமார் 134 டிபி. அனுப்பற பக்கம் ஆன்டெனா கெய்னையும் சேத்து 36 டிபிஎம், வாங்கற பக்கம் 25 டிபி டிஷ், அப்போ வந்து சேர்றது மைனஸ் 73. 20 மெகாஹெர்ட்ஸ் பேண்டுக்கு நாய்ஸ், ரிசீவரோட குறையையும் சேத்து மைனஸ் 95. வித்தியாசம் 22 டிபி. ஷானன் 1948ல கொடுத்த கெப்பாசிட்டி ஃபார்முலால போட்டா 145 எம்பிபிஎஸ் பக்கம் வருது. ஆஹா லிங்க் ரெடின்னு நெனைக்கக் கூடாது. நடுவுல ஃப்ரெனெல் ஜோன் 16 மீட்டர் ஆரம், பூமி உருண்டையா இருக்கறதால நடுவுல 6 மீட்டர் மேடு மாதிரி ஏறி நிக்கும், அதுக்கு மேல தென்னந்தோப்பு. டவர் எவ்வளவு உயரம் வேணும்னு நீங்களே போட்டுப் பாருங்க. நிஜமா கட்டறதா இருந்தா அந்த பேண்டுல எவ்வளவு பவர் விடலாம்னு அரசாங்க ரூலையும் பாக்கணும்.

அதைவிட சுவாரசியமான பிரச்சனை இதுக்கு மேலதான் இருக்கு. 20 கிலோமீட்டர் போக ரேடியோ அலைக்கு 67 மைக்ரோசெகண்ட். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல ஒரு ஸ்லாட் (யாராவது பேசறாங்களான்னு கேட்டுப் பாக்கற நேரத் துண்டு) 9 மைக்ரோசெகண்ட்தான், அதாவது அந்தப் பக்கம் பேச ஆரம்பிச்சு ஏழு ஸ்லாட் கழிச்சுதான் இந்தப் பக்கம் கேக்கும். யாரும் பேசலன்னு கேட்டுட்டு பேசறதுதான் வைஃபையோட அடிப்படையே, இங்க அந்த அடிப்படையே ஆட்டம் கண்டுடுது. அக்னாலெட்ஜ்மெண்ட் வேற நேரத்துக்கு வராது, வரலன்னு திரும்ப அனுப்பும். ஃபிசிக்கல் லேயர் கணக்கு பாஸ், மேக் லேயர் (யார் எப்போ பேசணும்னு முடிவு பண்றது) ஃபெயில். இதை கற்பனைன்னு நெனைக்காதீங்க, நம்ம தேனில அரவிந்த் கண் ஆஸ்பத்திரி கிராமத்து கண் மையங்களோட டாக்டர் வீடியோல பேசறதுக்கு பெர்க்லி ஆராய்ச்சிக் குழு நீண்ட தூர வைஃபை போட்டப்போ இதே பிரச்சனைதான், கேட்டுட்டு பேசறதை விட்டுட்டு ரெண்டு பக்கமும் நேரம் பிரிச்சுக்கிட்டு மாத்தி மாத்தி அனுப்பற மாதிரி மாத்தினாங்க. வைல்ட்நெட்-னு 2007 என்எஸ்டிஐ மாநாட்டுல வந்த பேப்பர், அதை நடத்தற யூஸ்னிக்ஸ் அமைப்போட சைட்ல ஃப்ரீயா கிடைக்கும். முதல்முதலா படிக்கற ரிசர்ச் பேப்பரா இதையே எடுத்துக்கங்கன்னு சொல்வேன், இடம் நமக்குத் தெரிஞ்ச இடம், பிரச்சனை நீங்க இப்போதான் கணக்கு போட்ட பிரச்சனை.

பேப்பர் படிக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. முதல் தடவை தலைப்பு, சுருக்கம், படங்கள், முடிவு மட்டும், பத்து நிமிஷம் போதும், நமக்கு வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணிடலாம். வேணும்னா ரெண்டாவது தடவை ஃபுல்லா, நிரூபணங்களை விட்டுட்டு. மூணாவது தடவை நாமளே அந்த பேப்பரை எழுதறதா இருந்தா இந்த இடத்துல என்ன அனுமானம் எடுத்திருப்போம்னு கேட்டுக்கிட்டே வரிக்கு வரி, இது மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பேப்பருக்கு பண்ணினா போதும். ஸ்டாண்டர்டு விஷயத்துக்கு ஆர்எஃப்சி-யையே படிங்க, டிசிபி-க்கு இப்போ 2022ல வந்த 9293, க்விக்குக்கு (டிசிபி செய்யற வேலையை வேற விதமா செய்யற புது விதிமுறை) 2021ல வந்த 9000, எல்லாமே ஃப்ரீ. ஐஈஈஈ பேப்பருக்கு அரசு காலேஜ், யுனிவர்சிட்டில இருக்கறவங்க லைப்ரரியில கேளுங்க, 2025லேர்ந்து மத்திய அரசோட ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டம் வந்தப்புறம் நெறைய திறந்துவிட்டிருக்காங்க, பல பேருக்கு இது தெரியறதே இல்ல.

சிமுலேட்டர் எப்போ? முதல்ல அலோஹாவை நீங்களே பைத்தான்ல எழுதுங்க, நாப்பது வரி கூட ஆகாது. நார்மன் ஆப்ரம்சன் குழு ஹவாய்ல 1971ல ஓடவிட்ட நெட்வொர்க், யாருக்கு வேணும்னாலும் எப்போ வேணும்னாலும் அனுப்பலாம், மோதினா திரும்ப அனுப்பணும். தியரிப்படி சேனல் நேரத்துல 18.4 சதவீதத்துக்கு மேல உருப்படியா போகாது, நேரத்தை ஸ்லாட்டா பிரிச்சு ஸ்லாட் ஆரம்பத்துல மட்டும் அனுப்பினா 36.8. உங்க ப்ரோக்ராம் அந்த வளைவு மேலயே உக்காந்தா அடுத்து என்எஸ்-3-ங்கற சிமுலேட்டருக்குப் போங்க. என்எஸ்-2 கோடு இன்னும் சில இடத்துல சுத்திக்கிட்டு இருக்கு, புதுசா ஆரம்பிக்கறவங்க அது பக்கம் போக வேணாம். என்எஸ்-3-ல ஒரே ஒரு ஆக்சஸ் பாயிண்ட், ஒரே ஒரு போன் வெச்சு த்ரூபுட் எவ்வளவு வரணும்னு ஹெடர், சிஃப்ஸ் (ஃப்ரேமுக்கு நடுவுல விடற சின்ன இடைவெளி), பேக்-ஆஃப் (அனுப்பறதுக்கு முன்னாடி காத்திருக்கற நேரம்), அக்னாலெட்ஜ்மெண்ட் நேரமெல்லாம் கூட்டிக் கணக்கு போட்டு, ரிசல்ட் அதோட ஒத்துப்போனப்புறம்தான் ரெண்டாவது போனைச் சேக்கணும். ஒரே சீடுல (ரேண்டம் நம்பர் ஆரம்பிக்கற இடம்) ஓட்டி ஒரு கோடு போட்டு எங்க முறை 12 சதவீதம் பெட்டர்னு எழுதறதை ஏத்துக்கவே முடியாது, குறைஞ்சது இருபது முப்பது சீடு, ஆரம்பத்துல செட்டில் ஆகற நேரத்தை வெட்டிடணும், ஒவ்வொரு புள்ளிக்கும் கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் (நிஜ மதிப்பு எங்கேர்ந்து எங்க வரைக்கும் இருக்கலாம்ங்கற எல்லை) போடணும். ரெண்டு முறையோட இன்டர்வலும் நல்லா மேல மேல ஏறிக் கிடந்தா பெட்டர்னு சொல்ல உங்ககிட்ட ஆதாரம் பத்தாது.

மினிநெட் (ஒரே லேப்டாப்புக்குள்ள ஒரு நெட்வொர்க்கையே உருவாக்கறது), வயர்ஷார்க், என்எஸ்-3 எல்லாமே 8 ஜிபி ராம் இருக்கற லேப்டாப்ல லினக்ஸ் போட்டா ஓடும். வயர்ஷார்க்கை உங்க சொந்த நெட்வொர்க்ல மட்டும் போடுங்க, ஹாஸ்டல்ல அடுத்தவங்க ட்ராஃபிக்கைப் பிடிக்கறது தப்பு, சட்டப்படியும் வம்பு.

ப்ராஜெக்ட் டாபிக். ரெடிமேடா காசு கொடுத்து வாங்காதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன், வைவால மாட்டறது ஒரு பக்கம் இருக்கட்டும், ரெண்டு வருஷத்துல உங்களுக்குன்னு மிஞ்சப்போறதே அந்த வேலை ஒண்ணுதான், அதையும் வித்துட்டா என்ன இருக்கு. நம்ம ஊர்லயே டாபிக் கொட்டிக் கிடக்கு. 1998ல எம்எஸ் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமா வெச்சு பாண்டி கிராமங்களுக்கு விஎச்எஃப் ரேடியோலயே டேட்டா அனுப்பினாங்க, போன் லைன் சரியா இல்லாத காலம், வீராம்பட்டினத்துல கடல் அலை எவ்வளவு உயரம்னு நெட்லேர்ந்து எடுத்து லவுட்ஸ்பீக்கர்ல மீனவங்களுக்குச் சொன்னாங்க. 2004 சுனாமி அன்னிக்கு நல்லவாடுல அந்த லவுட்ஸ்பீக்கர்தான் ஊரையே காலி பண்ண வெச்சுது, சிங்கப்பூர்லேர்ந்து வந்த ஒரு போன் காலை வெச்சு. 2011 டிசம்பர்ல தானே புயல் நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல கரையேறினப்போ கரண்டும் போனும் எத்தனை நாள் இல்லாம கிடந்தோம்னு வீட்ல பெரியவங்களைக் கேளுங்க. டவர் விழுந்தப்புறம் போனுக்குப் போன் மெசேஜ் கைமாறிப் போற மாதிரி டிலே டாலரன்ட் நெட்வொர்க் படிக்கறவங்களுக்கு இதைவிட நிஜமான களம் எங்க கிடைக்கும்?

இன்னொண்ணு, கெடிலம், தென்பெண்ணை ஆத்துல தண்ணி மட்டம் பாக்க லோரா (கம்மி பவர்ல, மெதுவா, ஆனா நெடுந்தூரம் போற ரேடியோ) சென்சார். நம்ம நாட்டுல 865-868 மெகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் இல்லாம யூஸ் பண்ணலாம், மாட்யூலும் ஒரு மாணவர் வாங்கற விலைதான். இதுலயும் கணக்குதான் முதல்ல, எஸ்எஃப் 12-ல (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், கூட்டினா ரேஞ்ச் கூடும், வேகம் குறையும்) ஒரு சின்ன மெசேஜ் போகவே 1.3 செகண்ட் பக்கம் ஆகும். 100 சென்சார், பத்து நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ், எல்லாம் ஒரே சேனல்னு வெச்சா லோடு 0.22, அலோஹா கணக்குப்படி மூணுல ஒண்ணு மோதி அழிஞ்சிடும். வெள்ளம் வரும்போதுதான் எல்லா சென்சாரும் ஒரே நேரத்துல கத்தும், அப்போதான் மெசேஜ் வந்தே ஆகணும். எஸ்எஃப்-ஐக் குறைச்சா ரேஞ்ச் போகும், சேனலைப் பிரிச்சா எவ்வளவு மிஞ்சும், பக்கத்துல இருக்கற சென்சாரோட பலமான சிக்னல் மோதலையும் தாண்டி வந்துடறதால நிஜத்துல கணக்கை விட எவ்வளவு நல்லா இருக்கும், இது மூணையும் பத்து மாட்யூல் வெச்சு அளந்தாலே நல்ல தீசிஸ்.

கேட் ஸ்கோரோட சேந்தவங்களுக்கு மாசம் 12,400 ஸ்காலர்ஷிப் வரும், முதல் ரெண்டு மூணு மாசம் லேட் ஆனாலும் ஆகும், அதுக்கேத்த மாதிரி கையில கொஞ்சம் வெச்சுக்கங்க, வந்ததும் ஒரு சின்ன பங்கை மாட்யூல், ஆன்டெனா, கேபிள்னு ஒதுக்கி வைங்க.

கைடைப் பாக்கப் போகும்போது வெறும் கையோட போகாதீங்க. சார்னாலும் மேடம்னாலும் அவங்களுக்கு நேரம் கம்மி, என்ன பண்ணலாம்னு நீங்க கேட்டா அவங்களும் பொதுவாதான் ஏதாவது சொல்லி அனுப்புவாங்க. ஒரே ஒரு கிராஃப் எடுத்துட்டுப் போங்க, அதுல நீங்க கணக்கு போட்ட கோடு ஒண்ணு, அளந்த புள்ளிகள் கான்ஃபிடன்ஸ் இன்டர்வலோட, ரெண்டும் எங்க பிரியுதோ அங்க பென்சில்ல ஒரு வட்டம், பக்கத்துல ஏன் பிரியுதுன்னு உங்களுக்குத் தோணற ரெண்டு காரணம். மேடம் இந்த ரெண்டுல எது சரின்னு தெரிஞ்சுக்க அடுத்து என்ன அளக்கலாம்னு கேளுங்க, அவங்க நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காருவாங்க.